மேட்டர்ஹார்ன் 1865: பாறையில் கட்ட வந்த கயிறு

1865 ஜூன் 21. மேட்டர்ஹார்ன் மலையின் தென்கிழக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாகப் பிளந்து கிடக்கும் ஒரு செங்குத்துப் பள்ளத்தில் நான்கு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எட்வர்ட் விம்பர், 25 வயது ஆங்கிலேயர். மற்ற மூவரும் வழிகாட்டிகள்: மிஷெல் குரோ, கிறிஸ்டியன் ஆல்மர், பிரான்ஸ் பீனர். பசி எடுக்கவே ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தார்கள். ஆட்டிறைச்சியும் தோல்பையில் ஒயினும் இருந்தன. அப்போது மேலே சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால், பல நூறு அடி உயரத்தில் சிறிதும் பெரிதுமாகக் கற்கள் ஒரு வளைவைத் தாண்டி இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. இறைச்சி ஒரு பக்கம் பறந்தது. வாய் கட்டாத தோல்பையிலிருந்து ஒயின் கொட்டி ஓடியது. நான்கு பேரும் அகப்பட்ட பாறைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார்கள்.

யாருக்கும் அடியில்லை. விம்பர் மட்டும் விடாமல் பள்ளத்தின் ஓரப் பாறைகளில் கொஞ்ச தூரம் முயன்று பார்த்தார். மற்றவர்களுக்கு மனமே இல்லை. ஒருவழியாக எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

சரியாக 23 நாள் கழித்து, அதே மலையில், அதே விம்பரும் அதே குரோவும் வேறு ஐந்து பேரோடு உச்சியைத் தொட்டார்கள். இறங்கும் வழியில் நான்கு பேர் செத்தார்கள். அங்கே கல் விழவில்லை. வானிலையும் கெடவில்லை. நல்ல மலையேறி எவரும் பத்திரமாகக் கடந்துவிடக்கூடிய இடம் அது என்று விம்பரே பிற்பாடு எழுதினார்.

கல்மழை பொழிந்த வழியில் நான்கு பேரும் பிழைத்தார்கள், அமைதியான வழியில் நான்கு பேர் போனார்கள். இந்த விபத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அறுந்த கயிற்றிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்குக் கயிற்றைவிட இந்த இரண்டு நாட்களின் வித்தியாசம்தான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு ராத்திரியில் சேர்ந்த குழு

மேட்டர்ஹார்ன் 4,478 மீட்டர் உயரம். சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையில் நிற்கிறது. விம்பர் 1861 முதல் அதை இத்தாலியப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப முயன்று தோற்றவர். 1862-இல் தனியாக இறங்கும்போது கிட்டத்தட்ட 200 அடி உருண்டு, தலை கிழிந்து, அதிர்ஷ்டத்தில் உயிரோடு வந்தவர். அந்த மலையின் கற்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உடம்பால் படித்த ஆள் அவர்.

1865 ஜூலையில் இத்தாலிய வழிகாட்டி ழான் அந்துவான் கரேல், விம்பரை விட்டுவிட்டு இத்தாலியர்களுக்காக ஒரு குழுவை நடத்திக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். விம்பர் பதறிப்போய், வழியில் சந்தித்த 18 வயது பிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவோடு கணவாயைத் தாண்டி சுவிஸ் பக்கத்து செர்மாட்டுக்கு ஓடினார். போனால், பழைய தோழர் குரோ அங்கே பாதிரியார் சார்ல்ஸ் ஹட்சனுக்கு வழிகாட்டியாக வந்திருக்கிறார். ஹட்சனுக்கும் அதே மலைதான் குறி. ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் ஏறுவது நல்லதில்லை, சேர்ந்தே போகலாம் என்று ஜூலை 12 இரவு பேசி முடித்தார்கள். மறுநாள் காலை 5:30-க்குக் கிளம்பிவிட்டார்கள். இந்த அவசரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேரும் ஒருமுறைகூட ஒன்றாக ஏறியதில்லை.

ஹட்சனுக்கு 36 வயது. 1855-லேயே மோண்டே ரோசாவின் உச்சியை முதலில் தொட்ட குழுவில் இருந்தவர், வழிகாட்டி இல்லாமல் மோன் பிளாங் ஏறியவர். அந்தக் காலத்துத் தொழில்முறை சாராத மலையேறிகளில் முதல் வரிசை. குரோ 35 வயது, பிரெஞ்சு ஆல்ப்ஸிலுள்ள ஷமோனியின் மிகச் சிறந்த வழிகாட்டிகளில் ஒருவர். பெரிய பீட்டர் டவுக்வால்டர் செர்மாட்டின் அனுபவசாலி. அவர் மகன் சின்ன பீட்டர் சுமைதூக்கியாக வந்து உச்சிவரை சேர்ந்துகொண்டவர். டக்ளஸ் வயதில் சின்னவர் என்றாலும் சில நாட்களுக்கு முன்தான் ஓபர் காபல்ஹார்ன் ஏறியிருந்தார்.

ஏழாவது ஆள் ஹட்சனின் இளம் நண்பர் டக்ளஸ் ஹேடோ, 19 வயது. ஆல்ப்ஸில் அவருக்கு அதுதான் முதல் பருவம். இவர் என்னென்ன ஏறியிருக்கிறார் என்று விம்பர் கேட்கத்தான் செய்தார். பெரும்பாலானவர்களைவிடக் குறைந்த நேரத்தில் மோன் பிளாங்கை முடித்தவர் என்று பதில் வந்தது. மேற்கொண்டு ஒன்றிரண்டு கேள்வி கேட்டு, ஹட்சனே பரிந்துரைக்கிறார் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள்.

மோன் பிளாங் இதைவிட உயரமான மலைதான். ஆனால் அன்றைய வழக்கமான பாதையில் அது நீண்ட பனிநடை. நுரையீரலும் தொடையும் வலுவாக இருந்தால் இளைஞன் வேகமாகப் போய்விடலாம். பனி ஒட்டிய பாறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத படியைக் காலால் தடவிக் கண்டுபிடித்து இறங்குவது வேறு வேலை. வேகம் அதற்குச் சான்றிதழ் ஆகாது. சொல்லப்போனால் வேகமாக ஏறுகிறவனைக் கண்டால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பயப்பட வேண்டும். பாதையில் நின்று தயங்க வேண்டிய அவசியமே அவனுக்கு அதுவரை வந்ததில்லை என்று அர்த்தம்.

ஏறும்போதே தெரிந்தது

முதல் நாள் சுமார் 3,350 மீட்டரில் கூடாரம் போட்டார்கள். கீழேயிருந்து பார்த்தால் சுவர் மாதிரி நிற்கும் கிழக்கு முகம், கால் வைத்துப் பார்த்தால் 40 பாகைக்கும் குறைந்த சரிவு. விம்பருக்கே ஆச்சரியம். 14-ஆம் தேதி வெகு தூரத்துக்குக் கயிறே கட்டாமல் ஏறினார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மட்டும் முகடு செங்குத்தாகிவிட்டதால் வலது கைப்பக்கம் வடக்கு முகத்துக்கு மாற வேண்டியிருந்தது. அங்கே பாறையின் இடுக்குகளை எல்லாம் பனி நிரப்பியிருந்தது. தலை நீட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சக் கல்லிலும் மெல்லிய பனிப்படலம். சுமார் 400 அடி கிடைமட்டமாகப் போய், 60 அடி நேராக ஏறி, மறுபடி முகட்டுக்குத் திரும்ப வேண்டும். கடினமான பகுதி அவ்வளவுதான்.

அந்த இடத்தில் குரோ விம்பருக்குக் கை கொடுத்தார். விம்பர் திரும்பி ஹட்சனுக்குக் கை நீட்ட, ஹட்சன் வேண்டாம் என்றுவிட்டுத் தானே வந்தார். ஹேடோவுக்கு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் யாராவது உதவ வேண்டியிருந்தது. எல்லாரும் இதைப் பார்த்தார்கள். விம்பர் இதை எழுதும்போதும், ஹேடோவுக்கு இந்த மாதிரி வேலையில் பழக்கம் இல்லை, அவ்வளவுதான் என்று நியாயமாகவே எழுதினார்.

மதியம் 1:40-க்கு உச்சி. கரேலின் குழு இத்தாலியப் பக்கம் இன்னும் கீழேதான் இருந்தது. அவர்கள் கவனத்தைத் திருப்ப விம்பரும் குரோவும் கற்களைப் புரட்டி உருட்டிவிட்டார்கள். கரேல் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்று நாள் கழித்து வந்து ஏறியது வேறு கதை. உச்சியில் ஒரு மணி நேரம் இருந்தார்கள்.

இறக்கம்

இறங்கும் வரிசையை விம்பரும் ஹட்சனும் சேர்ந்து தீர்மானித்தார்கள். முதலில் குரோ, அடுத்து ஹேடோ, மூன்றாவது ஹட்சன், நான்காவது டக்ளஸ், ஐந்தாவது பெரிய பீட்டர். விம்பர் உச்சியை வரைந்துகொண்டிருந்ததால் கொஞ்சம் பின்தங்கி, சின்ன பீட்டரோடு தனிக் கயிற்றில் வந்தார். யாராவது வழுக்கினால் பெரிய பீட்டர் ஒருவரால் தாங்க முடியாதே என்று டக்ளஸ் கேட்டுக்கொள்ள, மூன்று மணி வாக்கில் இந்த இருவரும் அந்தக் கயிற்றோடு சேர்ந்துகொண்டார்கள். 18 வயதுப் பையனுக்குத் தோன்றியது அது.

இந்த வரிசை முட்டாள்தனமானது அல்ல. இறக்கத்தில் பலவீனமானவரை முன்பக்கம் வைத்து, மேலிருந்து கயிறு பிடிப்பதுதான் முறை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நகர்ந்தார். அவர் காலை ஊன்றிய பிறகு அடுத்தவர் நகர்ந்தார்.

குரோ தன் பனிக்கோடரியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஹேடோவின் கால்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பாறையில் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் தானும் ஓரிரு படி இறங்குவதற்காகத் திரும்பினார். அந்தக் கணத்தில் ஹேடோ வழுக்கி அவர்மேல் விழுந்தார். குரோவிடமிருந்து ஒரு சத்தம், இருவரும் கீழே பறந்தார்கள். அடுத்த நொடியில் ஹட்சனைக் கயிறு இழுத்தது, உடனே டக்ளஸை. பெரிய பீட்டரும் விம்பரும் பாறையை இறுகப் பற்றிக்கொண்டார்கள். கயிறு பீட்டருக்கும் டக்ளஸுக்கும் நடுவில் அறுந்தது. நான்கு பேரும் சுமார் 4,000 அடி கீழே மேட்டர்ஹார்ன் பனியாற்றில் விழுந்தார்கள். மூன்று உடல்கள் கிடைத்தன. டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

குழுவின் பலமே பலவீனமானது எப்படி என்று பாருங்கள். ஏழு பேரில் மிகத் திறமையானவர் குரோ. பலவீனமானவருக்கு உதவுவதற்காகவே அவர் கோடரி கையில் இல்லாமல், காலும் நிலைப்படாமல், சரியாக ஹேடோவுக்குக் கீழே நின்றார். அவருடைய அனுபவம் முழுக்க இன்னொருவருடைய கால்களில் செலவாகிக்கொண்டிருந்தது.

கயிறு

மூன்று வகைக் கயிறு கொண்டுபோயிருந்தார்கள். மணிலாக் கயிறு 200 அடி. அதைவிடத் தடிமனான இன்னொன்று 150 அடி. மூன்றாவது, மெல்லிய பழைய கயிறு, 200 அடிக்கு மேல். அறுந்தது இந்த மூன்றாவது. அதை ஆள் கட்டுவதற்காகக் கொண்டுபோகவே இல்லை என்பது விம்பரின் விளக்கம். கடினமான இடத்தில் பாறையில் கட்டிவிட்டு அப்படியே விட்டுவர வேண்டியிருந்தால் நல்ல கயிறு வீணாகக்கூடாது என்று எடுத்துப்போன உபரிக் கயிறு அது. பாறையில் கட்ட வந்த கயிறு மனிதர் இடுப்பில் ஏறிவிட்டது. பாறை வெறுமனே கிடந்தது.

இதைவிட எனக்கு வலிக்கிற விவரம் ஒன்று உண்டு. கடினமான இடத்தை அடையும்போது பாறையில் ஒரு கயிற்றைக் கட்டி இறங்கும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று உச்சியிலேயே விம்பர் ஹட்சனிடம் யோசனை சொன்னார். ஹட்சனும் நல்லது என்றார். ஆனால் செய்தே தீருவது என்று முடிவாகவில்லை. அந்த இடம் வந்தபோது கயிறு கட்டப்படவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த யோசனையைத் தனக்காகச் சொல்லவில்லை, அது திரும்பத் தன் நினைவுக்கு வந்ததா என்பதுகூட நிச்சயமில்லை என்று விம்பர் பின்னர் ஒத்துக்கொண்டார்.

என் கணக்கில் விபத்து இங்கேதான் நடந்துவிட்டது. கால் வழுக்கியது அதன் பாக்கி.

ஜூன் 21-இல் கல் உருண்டபோது ஆபத்து நான்கு தலைக்கும் பொதுவாக இருந்தது. ஆகவே நான்கு பேரும் ஒரே கண்ணால் பார்த்தார்கள், ஓடினார்கள், திரும்பினார்கள். ஜூலை 14-இல் அந்தப் பனிப்பாறை ஒரே ஒருவருக்குத்தான் ஆபத்து. மற்ற ஆறு பேருக்கும் அது நடக்கக்கூடிய இடம். தன் காலுக்கு எளிதாக இருக்கும் இடத்தில் அனுபவசாலியின் உள்மணி அடிப்பதில்லை. ஏணி வைத்து ஏறத் தெரியாதவனுக்கு ஏணியைப் பிடிக்க வேண்டும் என்பது, தினமும் ஏணியில் ஏறி இறங்குகிறவனுக்குத்தான் கடைசியில் ஞாபகம் வரும். அதோடு தலைவர்கள் இரண்டு பேர், விம்பரும் ஹட்சனும். இருவரும் மரியாதைப்பட்டவர்கள். ஹேடோ ஹட்சனின் பொறுப்பு, கயிறு விம்பரின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒருவர் பொறுப்பிலும் இல்லை.

கயிறு ஆளுக்கு ஆள் இறுக்கமாக இருந்திருந்தாலே இந்த விபத்தைத் தடுத்திருக்கலாம் என்பது விம்பரின் நம்பிக்கை. மேலே இருந்தவர்களுக்கு நடுவில் கயிறு விறைப்பாக இருந்தது, கீழே தொய்ந்திருந்தது. தொய்ந்த கயிற்றில் விழுகிறவன் வேகம் பிடித்த பிறகுதான் அடுத்தவன் இடுப்பை இழுக்கிறான். அதற்குள் அவன் எடை பல மடங்காகிவிடுகிறது. இறுக்கமான கயிற்றில் வழுக்கியவனை வழுக்கிய இடத்திலேயே பிடித்துவிடலாம். பாறையோடு தொடர்பே இல்லாமல் ஏழு பேரை ஒன்றாகக் கட்டினால், ஒருவரின் பிழையை மற்றவர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

பெரிய பீட்டர் கயிற்றை வெட்டிவிட்டார் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. செர்மாட்டில் விசாரணை நடந்து அவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. வெட்டப்பட்ட கயிறு அல்ல, அறுந்த கயிறு என்று விம்பரும் சொன்னார். ஆனாலும் பழி அந்த மனிதரை விடவில்லை. அறுந்த துண்டு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

உதிரும் பாறையில் பழகிய கை

இந்த வழிக்கு இப்போது ஹோர்ன்லி முகடு என்று பெயர். தூரத்திலிருந்து கத்தி முனை மாதிரி தெரியும். கிட்டே போனால் உடைந்த பலகைக்கற்களின் குவியல். முகட்டின் மேலேயே போனால் பாறை ஓரளவு கெட்டி. கொஞ்சம் இடதுபுறம் கிழக்கு முகத்துக்குள் இறங்கினால் பாதை எளிதாகத் தெரியும், கால்தடமும் இருக்கும். ஆனால் அது வழி தவறியவர்களின் தடம். அங்கேதான் எல்லாமே கையோடு வரும்.

பழகியவர் கல்லைப் பிடிப்பதற்கு முன் உள்ளங்கையால் தட்டுகிறார். கெட்டியான கல் மந்தமாக, அழுத்தமாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே விரிந்து நிற்கும் கல் காலிப்பானை மாதிரி ஒலிக்கும். கல்லை வெளிப்பக்கம் இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துகிறார். எடையை ஒரே பிடியில் போடாமல் மூன்று இடங்களில் பகிர்ந்து வைத்து, நான்காவதை மட்டும் நகர்த்துகிறார். அதைவிட முக்கியம், தன் கயிறு எங்கே உரசுகிறது என்று திரும்பிப் பார்க்கிறார். கீழே இருப்பவர் தலையில் விழும் கல்லைப் பல நேரம் கால் தள்ளுவதில்லை, இழுபடும் கயிறுதான் தள்ளுகிறது. முன்னால் ஒரு குழு இருந்தால் அவர்களுக்கு நேர் கீழே நிற்பதில்லை. சத்தம் கேட்டால் அண்ணாந்து வேடிக்கை பார்ப்பதில்லை, சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்.

இதையெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். கையில் வருவதற்கு மட்டும் நாளாகும். புதியவர் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் உச்சியை எட்ட முடியாது. தட்டாமல் போனால் ஏதாவது ஒன்று கழன்று வரும். எந்தக் கல்லைத் தட்ட வேண்டியதில்லை என்று தெரிவதுதான் பழக்கம்.

நேரமும் இதில் அடக்கம். இரவுக் குளிரில் இடுக்கில் உறைந்த நீர் கற்களைப் பசை மாதிரி பிடித்து வைத்திருக்கும். கிழக்கு முகம் காலை வெயிலை முதலில் வாங்குவதால் முதலில் இளகுவதும் அதுதான். இருட்டோடு கிளம்புவதற்குக் காரணம் இது. மேலும், இந்த முகட்டில் ஏறுவதற்கு ஆகும் நேரம் இறங்குவதற்கும் கிட்டத்தட்ட ஆகும். உச்சியைப் பாதி வழி என்று கணக்கு வைக்காதவர்கள், களைத்த காலோடு இளகிய பாறையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. 2003 கோடையில் ஐரோப்பாவில் கடும் வெயில். ஜூலை 15 அன்று ஹோர்ன்லி முகட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு பெரிய பாறைத்துண்டு சரிந்தது. மேலே இருந்த சுமார் 90 பேரை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருந்தது. பாறைக்குள் ஆண்டு முழுதும் உறைந்திருக்க வேண்டிய பனி இளகியதுதான் காரணம். 2008 முதல் சுமார் 3,500 மீட்டரில் உணர்கருவிகள் பொருத்தி, விரிசல்களின் அகலத்தையும் பாறையின் வெப்பத்தையும் அளந்துவருகிறார்கள். இப்படிச் சரியும் பாறைக்கு முன்னால் ஹட்சனும் ஹேடோவும் ஒன்றுதான். பழகியவர் இங்கே செய்யக்கூடியது ஒன்றே: வெயில் அடித்த வாரத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது.

விபத்துக்குப் பிறகு

உயிர் பிழைத்த மூன்று பேர் எப்படி இறங்கினார்கள் என்பதைச் சொல்லவில்லையே. அரை மணி நேரம் நின்ற இடத்திலிருந்து ஒரு அடிகூட எடுக்கவில்லை. சின்ன பீட்டர் அழுதுகொண்டிருந்தார். பெரிய பீட்டரின் கால் நடுங்கியது. முகம் வெளிறித் திரும்பித் திரும்பி, என்னால் முடியாது என்றார். அன்று காலை அதே இடத்தை யாருடைய உதவியும் இல்லாமல் கடந்த மனிதர் அவர். இப்போது அது அவருக்கும் கடினமான இடமாகிவிட்டது. அப்புறம் மூன்று பேரும் கெட்டியான பாறையாகப் பார்த்துக் கயிற்றைக் கட்டி, பிடித்து இறங்கி, அறுத்து அங்கேயே விட்டுவிட்டு, மறுபடி கட்டினார்கள். உச்சியில் பேசி, முடிவு செய்யாமல் விட்ட அதே வேலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

இன்று மேல்முகட்டின் செங்குத்தான பகுதியில் நிரந்தரமாகத் தடித்த கயிறுகள் தொங்குகின்றன. 4,003 மீட்டரில் சோல்வே குடில் என்று ஓர் அவசரத் தங்குமிடம் உண்டு. வழிகாட்டி ஒருவர் ஒரே ஒருவரைத்தான் அழைத்துப் போகிறார். அதற்கும் முன்னால் ரிஃபல்ஹார்ன் போன்ற சின்னப் பாறை மலையிலோ பிரைட்ஹார்ன் முகட்டிலோ ஒரு நாள் கூட்டிப்போய்ப் பார்க்கிறார்கள். மோன் பிளாங்கை எத்தனை மணியில் முடித்தீர்கள் என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. இறங்கும்போது கயிற்றை இறுக்கமாகப் பிடித்தபடி ஒரு படி மேலே நின்று, வருகிறவர் காலை எங்கே வைக்கிறார் என்று பார்க்கிறார்கள்.